தாடி சரி... நாய் எங்கே?

ஆபீஸில் ஒருத்தன் நாலு நாள் ஷேவ் பண்ணாமல் வந்தால் போதும். 'என்ன தேவதாஸ் சார், நாய் எங்கே?' என்று பக்கத்து சீட் ஆரம்பித்துவிடும்.

சரத்சந்திரரின் நாவலைப் புரட்டிப் பாருங்கள்... நாயே கிடையாது! கூடவே அலைவது தர்மதாஸ் என்ற கிழ வேலைக்காரர்தான். நாய் சினிமாக்காரர்கள் உபயம். 1953-ல் நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடித்த படம், அதை நம் ஊர் கேலிப்பேச்சில் நிரந்தரமாகக் கட்டிப் போட்டுவிட்டது.

சரத்சந்திரர் இதை எழுதியது இருபதுகளின் வயதில். வெளியிட அவருக்கே தயக்கம். பல வருஷம் கிடப்பில் கிடந்து, 1917-ல்தான் புத்தகமாயிற்று. அப்புறம் ஸைகல் (1936), திலீப்குமார் (1955), ஷாருக்கான் (2002) என்று ஆள் மாறி ஆள் செத்துக் காட்டியும் தேவதாஸ் சாகிற வழியாயில்லை.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் கதையில்?

நம்பியார் இல்லை. அதுதான்!

பார்வதியின் பாட்டி சம்பந்தம் பேசப் போகிறாள். 'பெண்ணுக்குப் பணம் வாங்குகிற குடும்பம், அதுவும் பக்கத்து வீடு' என்று தேவதாஸ் வீட்டில் கைவிரித்துவிடுகிறார்கள். நடுராத்திரி தனியாக அவன் அறைக்கே வந்து நிற்கிறாள் பார்வதி. எவ்வளவு துணிச்சல்! ஐயா என்ன செய்கிறார்? அப்பாவிடம் ஒரு தடவை பேசிப் பார்த்துவிட்டுக் கல்கத்தாவுக்கு ரயிலேறுகிறார். அங்கிருந்து 'அப்பா அம்மா மனசு நோகும், மறந்துவிடு' என்கிற தினுசில் ஒரு கடிதம். போஸ்ட் பண்ணின மறு நிமிஷமே மனசு அடித்துக்கொள்கிறது. தபால் பெட்டி விழுங்கினதைத் திருப்பித் தருமா?

ஆக, வில்லன் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற நினைப்புதான். அது நம் எல்லோர் வீட்டிலும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது! இதனால்தான் முப்பது வயசு குமாஸ்தாவுக்கும் தொண்டை அடைக்கிறது. சுபமாக முடிகிற கதையில் கணக்கு டேலியாகிவிடும். புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கலாம். இதில் இடிக்கிற தொகை, சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் நம் பெயரில் ஏறிவிடுகிறது.

ஆனால் ஒன்று. தேவதாஸை லட்சியக் காதலனாக்கியது நாம்தான், சரத்சந்திரர் இல்லை. ஊர் திரும்பியவனைப் பார்வதி நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கிறாள். அவன் தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடித்துவிடுகிறான். வடு நிற்கிறது. அவளோ தன்னைவிட மூத்த பிள்ளைகளுள்ள ஒரு ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டு, பெரிய வீட்டைக் கட்டி ஆள்கிறாள். சந்திரமுகி தாசித் தொழிலையே விட்டுவிட்டு ஒரு கிராமத்தில் போய் இருக்கிறாள். பெண்கள் இருவரும் இவனுக்காக மாறிவிட்டார்கள். இவன் பாட்டிலை மட்டும்தான் மாற்றினான்! தாடி வளர்க்கிற தம்பிகள் இந்தப் பக்கங்களை மட்டும் எப்படித் தாண்டிப் போகிறார்களோ!

சாவதற்கு முன் ஒரு தடவை வருவதாகப் பார்வதியிடம் சொல்லியிருந்தான். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றுகிறான். ரயிலில் தர்மதாஸ் தூங்கும்போது நைசாக இறங்கி, மாட்டுவண்டியில் குலுங்கிக்கொண்டு அவள் ஊருக்குப் போய்ச் சேருகிறான். வீட்டு வாசலில் மரத்தடியில் உயிர் போகிறது. என்ன ஜாதியோ என்று உடம்பைத் தொடக்கூட ஆள் யோசிக்கிறது. சினிமாவில் அவள் ஓடி வருவாள், கதவு மூடும், வயலின் அழும். நாவலில் அதுகூட இல்லை. வாசலில் கிடந்தது யாரென்று பார்வதிக்குத் தெரியும்போது, பிணத்தையே எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது.