சீன மரபு மருத்துவத்தில் நோயறியும் முறைகள்

சீன மரபு மருத்துவம் நோயை அறிய நான்கு வழிகளைக் கையாள்கிறது. பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவுதல், தொட்டறிதல் என்பன அவை. அக்குபஞ்சர் மருத்துவரும் ஊசியைக் கையில் எடுக்கும் முன் இவற்றையே பின்பற்றுகிறார். கேட்டலும் முகர்தலும் ஒன்றாக எண்ணப்படுவதற்குக் காரணம், 'வென்' என்ற ஒரே சீனச் சொல் இரண்டையும் குறிப்பதுதான்.

தொட்டறிதலில் முதன்மையானது நாடி. மணிக்கட்டில் சுன், குவான், ச்சி என மூன்று இடங்களில் மூன்று விரல்களை வைத்து, மெல்லவும் அழுத்தியும் பார்ப்பார்கள். இடக்கையில் இவை முறையே இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கும், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கும் உரியவை என்பது மரபு. மூன்றாம் நூற்றாண்டில் வாங் ஷுஹே 24 நாடிகளை வகுத்தார். 1564-இல் லி ஷிசென் 27 என்றார். மிதக்கும் நாடி, ஆழ்ந்த நாடி, வழுக்கும் நாடி, வில்நாண் போல் விறைத்த நாடி என அவற்றின் பெயர்களே விரலுக்குப் படும் உணர்வைச் சொல்லிவிடும்.

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்விலும் நாடி உண்டு. அங்கும் மூன்று விரல்கள்தாம். ஆனால் அவை உறுப்புகளைத் தேடுவதில்லை. வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் அளவைத் தேடுகின்றன. இரண்டையும் ஒன்றென்று சொல்வது தவறு.

அக்குபஞ்சரில் வலியுள்ள இடத்தை அழுத்திப் பார்ப்பதும் தொட்டறிதலே. அழுத்தும்போது நோயாளி "ஆமாம், இங்கேதான்" என்று சொல்லும் இடத்துக்கு 'ஆ ஷி' புள்ளி என்றே பெயர்.

பார்த்தலில் நாக்குக்குத் தனி இடம் உண்டு. நுனி இதயத்துக்கும், நடுப்பகுதி வயிற்றுக்கும் மண்ணீரலுக்கும், ஓரங்கள் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும், அடிப்பகுதி சிறுநீரகத்துக்கும் உரியன என்பார்கள். நாக்கின் மேற்பூச்சு உணவாலும் சாயமேறும் என்று சீன மருத்துவமே எச்சரிக்கிறது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை வேலை முடித்து, வெற்றிலையோ காபியோ போட்டுக்கொண்டு வருபவரின் நாக்கு எதைக் காட்டும்? நாடியும் அப்படித்தான். அதை அதிகாலையில், உண்பதற்கும் உழைப்பதற்கும் முன் பார்க்க வேண்டும் என்கிறது பழைய நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்'. இரவுப் பணி முடித்துவரும் தொழிலாளிக்கு இது எளிதல்ல. ஒரே நோயாளியின் நாடியை இரு மருத்துவர்கள் வெவ்வேறாகச் சொல்வதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

எனவே இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள பகுதியில் மூன்றாவது வழியான வினவுதலே அதிகம் பயன் தரும். சீன மரபில் குளிர், காய்ச்சல், வியர்வை, பசி, தாகம், மலசலம் எனப் பத்து வினாக்கள் பாட்டாகவே வழங்கின. இத்தாலிய மருத்துவர் ராமத்சினி 1700-இல் தொழில்நோய்கள் பற்றி எழுதிய நூலில் மற்றொரு வினாவைச் சேர்க்கச் சொன்னார்: "என்ன வேலை செய்கிறீர்கள்?" சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் இறக்கப்பட்ட காலத்தில் இராயபுரம் வீடுகளில் கரித்தூள் படிந்தது. 2011-இல் உயர் நீதிமன்ற ஆணைக்குப் பின் அவை எண்ணூருக்கு மாறின. தூசு பற்றிய கேள்வியும் கூடவே மாறியது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது கண்ணெரிச்சலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் காரணம் அறிய நாக்கைப் பார்க்கத் தேவையில்லை, "எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டால் போதும்.

இந்நான்கு வழிகளாலும் காசநோய்க் கிருமியைக் காண முடியாது. 'நுரையீரல் வறட்சி' என்று பெயரிட்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தால், நாள் போவதோடு வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்று பரவும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசிய காசநோய்த் திட்டத்தின் விதி. வடசென்னையின் ஸ்டான்லி அரசு மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில் இப்பரிசோதனை இலவசம்.

இந்தியாவுக்கு அக்குபஞ்சரைக் கொண்டுவந்தவர் மருத்துவர் பிஜய் குமார் பாசு. 1938-இல் கோட்னிசுடன் சீனா சென்ற ஐந்து மருத்துவர்களில் ஒருவர். 1950-களின் இறுதியில் மீண்டும் அங்கு சென்று இதைக் கற்றுக் கல்கத்தாவில் தொடங்கினார். அவர் நவீன மருத்துவம் படித்தவர் என்பதை நினைவில் கொள்ளலாம்.