கருங்கல் திருமேனியாகும் விதம்

குடமுழுக்கு நாளில் மூலவரைத் தரிசித்து மெய்யுருகும் அன்பர் பலர். அத்திருமேனி கல்லிலிருந்து வெளிப்பட்ட வகையை அறிந்தோர் சிலரே. மலேசிய, சிங்கப்பூர் ஆலயங்கள் பலவற்றின் கற்சிலைகள் தமிழகத்தில் வடிக்கப்பெறுபவை. அங்கே சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் மாமல்லபுரம். 1957ஆம் ஆண்டு அரசினர் சிற்பப் பயிற்சி நிலையம் தோன்றிய அவ்வூரின் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

முதற்பணி கல்லைத் தேர்தல். ஸ்தபதி கல்லைத் தட்டி ஓசை கேட்பார். மணியோசை எழுமாயின் அது ஆண் கல். தெய்வத் திருமேனிக்கு உரியது. தாளவோசை தருவது பெண் கல். அம்மன் திருவுருவுக்கு ஏற்றது. ஓசையற்ற கல் பீடத்திற்கே ஆகும். கண்ணுக்குப் புலனாகாத பிளவு உள்ளே இருப்பின் ஓசை மங்கிவிடும்.

அடுத்தது அளவு. சிவன், திருமால் திருவுருவங்களுக்கு உத்தம தசதாளம் விதிக்கப்பட்டுள்ளது. சிலையின் உயரத்தை 124 கூறுகளாக்கினால் ஒரு கூறே ஓர் அங்குலம். கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. அம்மனுக்கு 120 அங்குலம். இவ்வளவுகளைக் காவிக் கோடுகளாகக் கல்லின்மேல் வரைந்த பின்னரே உளி எடுக்கப்படும்.

கருங்கல் மரம்போல் சீவத்தக்கதன்று. சிறு சிறு அடிகளால் பொடிப்பொடியாகவே உதிர்க்கவேண்டும். மழுங்கிய உளிகளை உலையில் காய்ச்சி மீண்டும் கூராக்குவர். விரல், ஆயுதம் முதலிய மெல்லிய உறுப்புகளுக்கிடையே தாங்குகல் விட்டு, இறுதியில் அதனை அகற்றுவர். கல்லை அறுக்க இன்று மின்கருவிகள் வந்துள்ளன. ஆயினும் திருமுகத்தின் அருளை வெளிப்படுத்துவது கையுளியே.

மூக்கின் நுனியோ ஒரு விரலோ சிதைந்தால் பல மாத உழைப்பும் வீணாகும். ஒட்டுப்போட்ட சிலை பிரதிட்டைக்கு ஆகாது. புதுக் கல்லில் தொடங்குவதே முறை. எனவே, குடமுழுக்கு நாளைக் குறித்துவிட்டு ஸ்தபதியை விரைவுபடுத்துதல் தகாது. சிலை நிறைவுற்ற பின் நாள் குறிப்பதே நன்று.

கண் திறப்பு நிகழும்வரை அது சிற்பமே. நீரிலும் தானியத்திலும் வாசம் செய்து, மந்திர முழக்கத்தோடு பீடமேறி அட்டபந்தனம் சாத்தப்பெற்று, குடமுழுக்குக் கண்ட பின்னரே தெய்வத் திருமேனியாக விளங்கும். திருப்பணிக்குப் பொருள் வழங்கும் புரவலர்கள் சிற்பியின் உளிக்குக் காலமும் வழங்குவார்களாக!