ஐம்பத்தோராவது புடவை

மதுரை விளக்குத்தூண் பக்கம் எந்த ஜவுளிக்கடையில் கேட்டாலும் சுங்குடியை எடுத்துப் போடுவார்கள். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி, கத்திரிப்பூ நிறத்தில் மஞ்சள் புள்ளி, மயில் கழுத்துப் பச்சையில் இன்னொன்று. விரித்த புடவையைப் புறங்கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். கையால் முடிச்சுப் போட்ட துணி என்றால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் இலேசாகப் புடைத்திருக்கும். இஸ்திரி போட்டால் புடைப்பு அமுங்கிவிடும். புள்ளியின் கோணல் மட்டும் அமுங்காது. ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. கை வழுக்கிக்கொண்டு போய், நூறு புள்ளியும் ஒரே அளவில் நின்றால் அது அச்சு. இன்றைக்குப் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டுதான் போகிறது.

நாயக்கர் காலத்தில் இங்கே வந்து குடியேறிய சௌராஷ்டிரர்களின் கைத்தொழில் இது. துணியை மடித்து, நகநுனியால் இம்மியளவு கிள்ளி எடுத்து, அதில் நூலைச் சுற்றி இறுக்குவார்கள். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், அடுப்பு வேலை முடிந்த நேரத்தில். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். சாயத்தில் முக்கி எடுத்து, உலர்த்தி, பிரித்து உதறினால் நூல் இறுகிய இடங்களில் சாயம் ஏறாமல் புள்ளிகள் நிற்கும். இதே தோற்றத்தை மரக்கட்டை அச்சில் மெழுகைத் தொட்டு வைத்துச் சாயம் போட்டும் கொண்டுவரலாம் என்று பின்னால் கண்டுகொண்டார்கள். அதற்கும் பின்னால் ஸ்கிரீன் பிரிண்டிங் வந்தது. பல நாள் வேலை சில மணி நேரத்துக்குச் சுருங்கியது. முடிச்சுப் போடும் கைகள் குறைந்ததில் ஆச்சரியமில்லை. மெழுகு அச்சையும் நகல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதுவும் கையும் கண்ணும் கேட்கிற வேலைதான். முடிச்சுச் சுங்குடி என்று சொல்லி அச்சைத் தலையில் கட்டுவதுதான் ஏமாற்று.

மதுரைச் சுங்குடிக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மதுரை மல்லிக்கே 2013இல்தான் வந்தது. அந்தப் பெயரைப் பொய்யாக ஒட்டி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 1999ஆம் ஆண்டுச் சட்டம். படிக்கத் தெம்பாக இருக்கிறது. ஆனால் சட்டம் காப்பது பெயரை, புள்ளியை அல்ல. அதே துணியை வேறு மாநிலத்தில் அடித்து ‘பாந்தினி பிரிண்ட்’ என்று சீட்டு ஒட்டினால் குறியீட்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அந்தப் பெயருக்காக வழக்குப் போடவும் உரிய ஆள் வேண்டும். 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் ஆடை அலங்கார மேடையில், புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூரிச் செருப்பை அப்படியே உரித்துவைத்தாற்போல ஒன்றைக் காட்டியது. ஊரே கொதித்தது. சில வழக்கறிஞர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். குறியீட்டைப் பதிந்து வைத்திருப்பவர்கள்தான் வர வேண்டும் என்று அடுத்த மாதமே அது தள்ளுபடியானது. மதுரையில் சங்கடம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. அச்சடிக்கிற பட்டறை பல நேரம் அடுத்த தெருவில், பட்டறைக்காரர் சொந்தத்தில் மச்சான் முறையாகவும் இருப்பார். யார் போய்ப் புகார் கொடுப்பது?

பழைய புள்ளி எல்லோருக்கும் பொது என்று விட்டுவிடலாம். புதிதாக ஒன்றைச் செய்கிறவர் பாடுதான் கஷ்டம். பந்தடித் தெருவிலோ கைத்தறி நகரிலோ வீட்டில் இருந்தபடி விற்கும் ஒரு பெண், முந்தானையில் புள்ளிகளாலேயே ஒரு தெப்பத்தை வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசையாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார், இன்ஸ்டாகிராமில் போடுகிறார். யாரோ படத்தைச் சேமித்து ஸ்கிரீன் போடக் கொடுக்கிறார். சில வாரத்தில் அதே தெப்பம் பாதி விலைக்கு மிதக்கிறது. இப்போது பதிவு செய்யலாம் என்று ஓடினால் கதவு சாத்தியிருக்கும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, வெளியே காட்டிய வடிவம் புதியது ஆகாது. அதைக் காட்டியது அவரேதான் என்பது இங்கே செல்லாது.

ஆகவே முதலில் பதிவு, பிறகு ஸ்டேட்டஸ். தனி ஆளுக்கு ஒரு வடிவத்துக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். பத்தாண்டு காப்பு, மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கலாம். மாதம் பத்து வடிவம் போடுகிறவருக்கு இது கட்டுப்படியாகாது. மூன்று நான்கு வடிவத்தை நம்பியே கடை நடத்துகிறவர் செய்யலாம். ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்: நகல் எடுத்தவர் ‘இது புதிதே இல்லை, என் பாட்டி காலத்துப் புள்ளி’ என்று எதிர்வாதம் வைத்தால் வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு மாறும். சுங்குடியில் இந்த வாதம் வராமல் இருக்காது.

பதியாதவருக்கு இன்னொரு வழி இருக்கிறது. நம் ஊரில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு ஓர் எண் வைத்திருக்கிறது. சொந்தமாக வரைந்த ஓவியத்துக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. வடிவமாகப் பதிய முடிந்த ஒன்றைப் பதியாமலே, உரியவரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் ஐம்பது பிரதிக்கு மேல் செய்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஐம்பதாவது புடவை வரை உங்களுடையது. ஐம்பத்தோராவதைச் செய்ததும் ஊருடையது. ஆடை வடிவமைப்பாளர் ரித்து குமாரின் நிறுவனம் பீபா என்ற ஆடை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் காட்டிக் கையை விரித்தது. அதே நீதிமன்றத்தில் 2008இல் தஹிலியானி என்ற இன்னொரு ஆடை வடிவமைப்பு நிறுவனம் ஜெயித்ததற்குக் காரணம், ஐம்பதைத் தாண்டாமல் தைத்திருந்ததுதான்.

பெரிய கடைக்கு இந்த ஐம்பது ஒரு முட்டுக்கட்டை. முடிச்சுப் போடுகிறவருக்கு ஒரு வடிவத்தில் ஐம்பது புடவை முடிப்பதே பெரும்பாடு. நாற்பதில் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். முந்தானையில் வரிசை எண் எழுதிய துண்டுச் சீட்டைத் தைத்து, கூடுதல் விலையும் சொல்லலாம். வரைந்த தாளில் தேதி போட்டு வைத்திருக்க வேண்டும். எத்தனை செய்தது, எத்தனை விற்றது என்று கணக்கும் பில்லும் வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது சட்டப் புத்தகத்திலேயே இல்லை. பெரும்பாலும் நகல் எடுக்க யாரும் இன்ஸ்டாகிராம் வரை போவதே கிடையாது. உங்கள் காசில் செய்த ஸ்கிரீனும் மரக்கட்டையும் வேலை முடிந்தும் பட்டறைச் சுவரிலேயே சாய்ந்து கிடக்கும். அடுத்த கடைக்காரர் வந்து ‘இதுல ஒரு ஐம்பது அடிச்சுக் குடுங்கண்ணே’ என்றால் பட்டறைக்காரர் என்ன செய்வார், பாவம். கூலி கொடுக்கும்போதே ஸ்கிரீனைக் கழுவி வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். ‘இந்த வடிவம் வேறு யாருக்கும் அடிப்பதில்லை’ என்று கூலிச் சீட்டிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மச்சானாகவே இருந்தாலும்.