பந்தும் பசியும்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதத் தமிழாசிரியனுக்கு என்ன தகுதி என்று வினவுவார் உளர். சில ஆண்டுகளுக்கு முன் ரமலான் மாதத்தில் நிகழ்ந்த ஓர் ஆட்டத்தில், இடைவேளைக்குப் பின் எம் மாணவன் ஒருவன் ஓடமாட்டாமல் நடந்துகொண்டிருந்தான். சோம்பல் என்றெண்ணிக் கடிந்துகொண்டேன். அவன் ஸஹர் உணவும் கொள்ளாது நோன்பு நோற்றிருந்தான் என்பதைப் பின்னரே அறிந்தேன். அந்த உறுத்தலே என்னை இப்பொருள்பால் ஈர்த்தது. அதுவன்றி வேறு தகுதி இல்லை.

தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் முதல்தர வீரர் ஒருவர் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் வரை கடக்கிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவையோ இடையிடையே நிகழும் சில நொடி விரைவோட்டங்கள். அவற்றுக்கு எரிபொருளாவது தசையில் சேமிக்கப்பெற்ற கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் ஆகியன தரும் சர்க்கரையே இவ்வாறு சேமிப்பாகிறது. கொழுப்பும் எரியும், ஆயினும் அது மெல்ல எரியும் விறகு, விரைவுக்கு ஈடுகொடாது.

ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர் பெங்ட் சால்டின் 1973இல் வெளியிட்ட ஆய்வு ஈண்டு நினைக்கத்தக்கது. வீரர்தம் தொடைத் தசையினின்று ஊசியால் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தனர். ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கிளைகோஜன் குறைந்திருந்தோர் 9.7 கிலோமீட்டரே கடந்தனர். நிறைந்திருந்தோர் 12 கிலோமீட்டர் கடந்தனர். குறைந்திருந்தோர் தாம் கடந்த தொலைவில் பாதியை நடந்தே கடந்தனர். மற்றையோர் நடந்தது நாலில் ஒரு பங்கிற்குச் சற்றே மிகுதி. இதைப் படித்தபோது அம்மாணவனின் முகமே என் முன் நின்றது.

ஆட்டத்திற்கு முன் இறைச்சி மிகுதியாக உண்டால் வலிமை பெருகும் என்பது இங்கிலாந்திலும் நெடுநாள் நிலவிய நம்பிக்கை. 1996இல் ஜப்பானிலிருந்து ஆர்சனல் கழகத்திற்குப் பயிற்சியாளராக வந்த ஆர்சென் வெங்கர் அதனை மாற்றி, வேகவைத்த கோழி, மீன், காய்கறி, மாவுணவு என முறைப்படுத்தினார். 1998இல் அக்கழகம் இரு பெரும் கோப்பைகளை வென்றது. உணவு ஒன்றே காரணம் என்பது மிகை.

இனி, நோன்பு. இரவில் போதிய உணவும் உறக்கமும் கொண்டவர்க்குப் பகலில் தசைச் சேமிப்பு எளிதில் வற்றிவிடுவதில்லை. ஈரலில் உள்ள சேமிப்பே முதலில் குறையும். பெரிய இடர் தண்ணீர்தான். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வியர்வையாய் வெளியேறினாலே ஆற்றல் தளரும். நம் ஊர் வெயிலில் அதற்கு நெடுநேரம் வேண்டா. இவ்வகையில் நம் நோன்புக் கஞ்சியை வியக்கிறேன். அரிசி, பருப்பு, உப்பு, நீர் ஆகியவற்றை ஒரே குவளையில் தரும் அதனை நம் இளைஞர் இக்காலத்தில் ஒதுக்கிவிட்டு, எண்ணெயில் பொரித்த வடை சமோசாக்களை முதலில் நாடுகின்றனர்.

2014 உலகக் கோப்பையில், ரமலான் தொடங்கியிருந்த ஜூன் 30 அன்று, அல்ஜீரியா ஜெர்மனியை எதிர்த்துக் கூடுதல் நேரம் வரை போராடி 1-2 என்ற கணக்கில் தோற்றது. நோன்பு நோற்பதைப் பயிற்சியாளர் அவரவர் முடிவுக்கே விட்டிருந்தார். 2021 ஏப்ரலில் லெஸ்டர், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் மோதிய ஆட்டத்தில், இரு வீரர் நோன்பு திறப்பதற்காக எதிரும் புதிருமான இரு அணியினரும் சற்றே ஆட்டத்தை நிறுத்தினர். 2023இல் இங்கிலாந்தின் நடுவர்களுக்கே இதற்கான அறிவுறுத்தல் தரப்பட்டது.

நம் கல்லூரிகளில் ரமலான் மாதத்துப் பிற்பகல் வெயிலில் ஆட்டம் வைப்பதை இன்னும் காண்கிறோம். மெல்லிய பயிற்சியை மஃரிபுக்குச் சற்று முன் முடியுமாறு அமைத்தால் உடனே நீரும் கஞ்சியும் கிடைக்கும். கடும்பயிற்சியைத் தராவீஹுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். ஸஹர் தவறிய பையனை அன்று களத்தில் இறக்கலாகாது. நோயாளிக்கும் பயணிக்கும் மார்க்கம் தந்துள்ள சலுகை வெளியூர் ஆட்டத்திற்குச் செல்லும் அணியினருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஆலிம்கள் விளக்கவேண்டும். அது என் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆனால் பெற்றோரும் உடற்கல்வி ஆசிரியரும் அவர்களிடம் கேட்டறிவதைப் பந்தயம் தொடங்குமுன்பே செய்யவேண்டும்.