கிளம்ப மறுக்கும் லாரி: ஊகமும் அளவீடும்

இந்தியாவின் உள்நாட்டுச் சரக்கில் பெரும்பகுதி சாலை வழியாகவே செல்கிறது. அதைச் சுமக்கும் லாரிகளில் மிகப் பல, ஓரிரு வண்டிகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. லாரி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போகிறது. ஆனால் கடன் தவணையும் காப்பீட்டுக் கட்டணமும் ஓட்டுநர் படியும் நிற்பதில்லை. காய்கறி ஏற்றிய லாரியாயின் அந்த இழப்பு விவசாயியையும் சென்றடைகிறது.

அடியோடு பழுதான வண்டியைவிட, சில வேளை கிளம்பிச் சில வேளை கிளம்பாத வண்டியே அதிகச் செலவு வைக்கிறது. பட்டறையில் அது ஒழுங்காகக் கிளம்புகிறது. மறுநாள் நெடுஞ்சாலையில் நின்றுவிடுகிறது. பழுது கண்ணில் படாதபோது ஊகம் அதன் இடத்தைப் பிடிக்கிறது. முதலில் பேட்டரி, அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டார், பின்னர் ரிலே என ஒவ்வொன்றாக மாற்றப்படுகின்றன. செலவு ஏறுகிறது, பழுது அப்படியே இருக்கிறது.

மூன்று அறிகுறிகள்

சாவியைத் திருப்பும்போது நிகழ்வதைக் கொண்டு பழுதை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, எவ்வித ஓசையும் எழாத நிலை. சாவிச் சுவிட்சு, ரிலே, நியூட்ரல் பாதுகாப்புச் சுவிட்சு, இவற்றை இணைக்கும் வயர்கள் ஆகியன இங்கு முதலில் சோதிக்கத் தக்கவை.

இரண்டாவது, 'டக்' என்ற ஓசை மட்டும் எழுவது அல்லது இன்ஜின் மெதுவாகச் சுழல்வது. இங்கு பேட்டரி, கனத்த கேபிள்கள், ஓட்டுநர்கள் 'செல்ஃப்' என்றழைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவற்றில் குறை இருக்கலாம்.

மூன்றாவது, இன்ஜின் நன்கு சுழன்றும் கிளம்பாத நிலை. தளர்ந்த டீசல் குழாய் இணைப்பின் வழியே புகும் காற்று, டீசலில் கலந்த நீர், அடைபட்ட வடிகட்டி ஆகியவை வழக்கமான காரணங்கள். மின்னணுக் கட்டுப்பாடுள்ள இன்ஜின்களில், சுழல் வேகத்தை அறியும் சென்சாரும் அதன் வயரும் காரணமாகலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிகளின்படி அமைந்த லாரிகளில், கட்டுப்பாட்டுப் பெட்டியில் பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளையும் படித்தறிதல் வேண்டும்.

விளக்கு எரிவது சான்றாகாது

இரண்டாம் வகைப் பழுதே பெரிதும் ஏமாற்றுவது. கனரக லாரிகளில் பொதுவாக இரண்டு 12 வோல்ட்டு பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட்டு தருகின்றன. கேபிள் முனையொன்றில் அரிப்பினால் 0.01 ஓம் அளவு மின்தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். விளக்குகளுக்கு 5 ஆம்பியர் பாயும்போது அங்கே 0.05 வோல்ட்டு மட்டுமே இழக்கப்படும். விளக்கு பிரகாசமாகவே எரியும். ஸ்டார்ட்டருக்கு 500 ஆம்பியர் பாய வேண்டுமாயின் இழப்பு 5 வோல்ட்டாகிவிடும், மோட்டார் திணறும்.

இத்தடை என்றும் ஒரே அளவில் இருப்பதன்று. அதிர்வு, வெப்பம், ஈரம் ஆகியவற்றிற்கேற்ப அது கூடிக் குறைகிறது. பழுது விட்டுவிட்டுத் தோன்றுவதன் இரகசியம் இதுவே. சேசிஸையும் இன்ஜினையும் இணைக்கும் எர்த் கேபிள் இவ்வகையில் பெரும்பாலும் மறக்கப்படும் இடமாகும்.

அளக்கும் முறை

முழுதும் மின்னேற்றம் பெற்ற இரு பேட்டரிகளும் ஓய்வு நிலையில் சேர்ந்து சுமார் 25.2 வோல்ட்டுக்குக் குறையாது காட்டும், 24.4 என்பது ஏறத்தாழ அரை மின்னேற்றத்தையே குறிக்கும். எனினும் ஓய்வு நிலை அளவீடு மட்டும் போதாது. ஸ்டார்ட்டரை இயக்கும்போதே மூன்று இடங்களில் அளக்க வேண்டும்: பேட்டரி முனைகளுக்கிடையே, பேட்டரியின் நேர்முனைக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் இடையே, இன்ஜின் உடலுக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே. முதல் அளவு ஏறத்தாழ 19 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரிகளைத் தனித்தனியே சோதிக்க வேண்டும். பின்னிரண்டில் எதுவும் 1 வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியிலேயே தடை உள்ளது. முனைகளைச் சுத்தம் செய்வதற்கு முன்பே அளந்துவிடுவது நன்று. இல்லையேல் சான்று அழிந்துவிடும்.

சோதனைக்கு முன் கைபிரேக்கிட்டு, சக்கரங்களுக்குத் தடைக்கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் நிறுத்த வேண்டும். ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கிளப்பும் வழக்கம் ஆபத்தானது. கியரில் உள்ள லாரி அருகில் நிற்பவர் மீதே பாய்ந்துவிடக் கூடும்.

பதிவேட்டின் பயன்

விட்டுவிட்டு வரும் பழுதுக்கும் நிபந்தனை உண்டு. இன்ஜின் சூடாக இருந்ததா, மழை பெய்ததா, வண்டி எத்தனை மணி நேரம் நின்றிருந்தது, எவ்வகை ஓசை கேட்டது என்ற நான்கு விவரங்களையும் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் குறித்து வந்தால், சில தடவைகளிலேயே ஓர் ஒழுங்கு புலப்படும். இரவு முழுதும் நின்ற பின்னரே கிளம்ப மறுத்தால் மின்கசிவையோ டீசல் பின்னிறங்குவதையோ ஐயுறலாம். சூட்டில் மட்டும் மறுத்தால் சாலினாய்டையும் சென்சாரையும் நோக்கலாம்.

இதில் பொது நிர்வாகத்திற்கும் பங்குண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் டீசல் மெக்கானிக் பயிற்சி பெறும் இளைஞர், ஸ்பானரைப் போலவே வோல்ட்டு மீட்டரையும் கையாளப் பழக வேண்டும். அரசுத் துறை வாகனங்களுக்கு உதிரிபாகம் வாங்க ஒப்புதல் வழங்கும் அலுவலர், கோரிக்கையுடன் அளவீட்டுக் குறிப்பும் இணைக்கப்பட்டுள்ளதா எனக் கேட்கலாம். இந்த ஒரு கேள்வி, பழுதற்ற பாகம் தூக்கியெறியப்படுவதைத் தடுக்கும். பழுதுள்ள லாரியையும் விரைவில் சாலைக்குத் திருப்பும்.