எச்சரிக்கை விளக்கு எதைச் சொல்கிறது?

மாணவர்களே, மாலையில் உங்கள் வீட்டுக் கூடத்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? பல்பைக் கழற்றிப் பார்ப்பீர்கள். வீட்டிலுள்ள விளக்குகள் எல்லாமே ஒரே நொடியில் அணைந்துவிட்டால்? ஒவ்வொரு பல்பாகக் கழற்றிக்கொண்டிருக்க மாட்டீர்கள். நேரே ஃபியூஸ் பெட்டியிடம் போவீர்கள். எல்லாப் பல்புகளும் ஒரே நொடியில் கெடுவது நடக்கக்கூடியது அன்று என்பது உங்களுக்குத் தெரியும். இந்த எளிய சிந்தனை ஒரு பெரிய இயந்திரத்தின் கோளாற்றைக் கண்டுபிடிக்க எப்படி உதவுகிறது என்று பார்ப்போமா?

அமெரிக்காவில் உழவர்களும் தச்சர்களும் 'பிக்கப்' என்னும் சிறிய டிரக்கை மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள். முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த தொட்டி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாகவே மாறும். ஓர் உழவரிடம் 1997-ஆம் ஆண்டு செய்யப்பட்ட இத்தகைய டிரக் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வழியில் 'என்ஜினைச் சோதிக்கவும்' என்னும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன்பின் வண்டி நின்ற இடத்திலிருந்து புறப்படவே திணறியது. கியர் நெம்புகோலை நகர்த்தும்போதெல்லாம் 'டமார்' என்று ஓர் அதிர்ச்சி. "தானியங்கிக் கியர் பெட்டி போய்விட்டது, புதுப்பித்த பெட்டி பொருத்தச் சில ஆயிரம் டாலர் ஆகும்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். பழைய வண்டியின் விலையே அவ்வளவு இருக்காது! உழவர் வண்டியை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார். அவருக்கு நாம் என்ன சொல்லலாம்? முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

எண்ணெயில் ஓடும் விசை

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் சுழல விடுங்கள். அது தள்ளும் காற்று மற்றதையும் மெல்லச் சுழற்றும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்தால் விசை இன்னும் நன்றாகக் கடத்தப்படும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், கப்பல்களின் நீராவிச் சுழலிகளுக்காக இக்கருத்தை வகுத்து 1905-இல் காப்புரிமை பெற்றார். 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ராமேட்டிக்' என்னும் தானியங்கிக் கியர் பெட்டி வந்தது. பெருமளவில் விற்பனையான முதல் தானியங்கிப் பெட்டி அதுவே.

நம் உழவரின் டிரக்கில், என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே அத்தகைய எண்ணெய் இணைப்பு ஒன்று உள்ளது. இதற்கு 'டார்க் கன்வர்ட்டர்' என்று பெயர். வண்டி நிற்கும்போது என்ஜின் அணையாமல் ஓட இதுவே வழி செய்கிறது. ஆனால் எண்ணெய் எப்போதும் சிறிது நழுவும். நழுவுவதால் வெப்பம் உண்டாகி ஆற்றல் வீணாகும். ஆகவே வேகமாக ஓடும்போது இரு பக்கங்களையும் இறுகப் பூட்டிவிட ஒரு பூட்டுக் கிளட்ச்சும் வைத்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்தது கியர்கள். நடுவே ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றிக் கோள்கள்போல் சில சிறு சக்கரங்கள், வெளியே உள்பற்கள் கொண்ட ஒரு வளையம். இவற்றுள் எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து வேக விகிதம் மாறுகிறது. பிடித்து நிறுத்துபவை எண்ணெய் அழுத்தத்தால் இறுகும் கிளட்ச்சுத் தட்டுகளும் பட்டைகளும். எந்தத் தட்டுக்கு எண்ணெய் போகவேண்டும் என்பதைக் கணிப்பொறி ஒன்று, சாலினாய்டு எனப்படும் சிறு மின்காந்த வால்வுகளின் மூலம் முடிவு செய்கிறது.

முதல் சோதனை: எண்ணெய்

மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல, மெக்கானிக் முதலில் எண்ணெயைப் பார்க்கிறார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கோலை எடுக்கிறார். நல்ல எண்ணெய் சிவப்பாகவும் தெளிவாகவும் இருக்கும். பழுப்பு நிறமும் கருகிய வாடையும் இருந்தால் தட்டுகள் நழுவித் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். பால் கலந்தாற்போல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால், ரேடியேட்டருக்குள் உள்ள எண்ணெய் குளிர்விக்கும் குழாய் ஓட்டையாகி நீர் கலந்துவிட்டது எனலாம். நம் உழவரின் எண்ணெயோ சிவப்பாக, வாடையின்றி, சரியான அளவில் இருக்கிறது. இது ஒரு நல்ல சான்று.

இரண்டாம் சோதனை: ஒரு கணக்கு

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1993 முதல் தன் டிரக்குகளில் பொருத்திய '4எல்60-இ' என்னும் பெட்டியே இந்த வண்டியில் உள்ளது என்று கொள்வோம். அதன் நான்கு கியர்களின் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. பின் அச்சின் விகிதம் 3.73, சக்கரத்தின் சுற்றளவு 2.36 மீட்டர். வண்டி மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடினால் என்ஜின் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும்?

மணிக்கு 90 கி.மீ. என்பது நிமிடத்திற்கு 1,500 மீட்டர். இதைச் சுற்றளவால் வகுத்தால் சக்கரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 636 முறை சுற்றுகிறது. 3.73-ஆல் பெருக்கினால் கியர் பெட்டியின் வெளித்தண்டு சுமார் 2,370 முறை சுற்றுகிறது. நான்காம் கியரில் பூட்டும் விழுந்திருந்தால், 0.70-ஆல் பெருக்க, என்ஜின் சுற்று சுமார் 1,660. பூட்டு விழவில்லை என்றால் சில நூறு சுற்றுகள் கூடும். மூன்றாம் கியரில் பூட்டு விழாமல் ஓடினால் 2,370-க்கும் சற்று மேலே காட்டும்.

நம் டிரக்கின் சுற்றுமானி காட்டுவது 2,500! முள் ஏறி இறங்காமல் நிலையாக நிற்கிறது. தட்டுகள் நழுவினால் என்ஜின் இரையும், வேகம் கூடாது, முள் தாவும். இங்கே அப்படி இல்லை. ஆகவே, பெட்டி நழுவவில்லை. மூன்றாம் கியரிலேயே நின்றுவிட்டது. புறப்படும்போதும் மூன்றாம் கியர்தான் என்றால், சக்கரத்துக்குக் கிடைக்கும் விசை முதல் கியரில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு. திணறாமல் என்ன செய்யும்?

மூன்றாம் சோதனை: விளக்கின் பேச்சு

1996-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் இலகு டிரக்குகளிலும் ஒரே வகையான 16 முனைச் சோதனைப் பொருத்தி கட்டாயமாயிற்று. அதில் ஒரு சிறு கருவியைச் செருகினால், விளக்கு எரிந்ததற்கான குறியெண்களைப் படிக்கலாம். நம் டிரக்கில் மூன்று எண்கள் உள்ளன. பி0753: முதல் மாற்றச் சாலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. பி0758: இரண்டாம் சாலினாய்டின் மின்சுற்றில் கோளாறு. பி0740: பூட்டுக் கிளட்ச்சின் மின்சுற்றில் கோளாறு.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மூன்று எண்கள், ஆகவே மூன்று பொருள்கள் கெட்டுவிட்டன என்று எண்ணுகிறார்கள். ஆனால் குறியெண் 'இந்தச் சுற்றில் மின்சாரம் சரியில்லை' என்றுதான் சொல்கிறது. 'இந்தப் பொருளை மாற்று' என்று சொல்லவில்லை. கூடத்து விளக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மூன்று சாலினாய்டுகள் ஒரே நேரத்தில் கெடுமா? மூன்றுக்கும் பொதுவானது எது? மூன்றுக்கும் மின்சாரம் வருவது ஒரே ஃபியூஸின் வழியாக!

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பொறியாளர்கள் முன்பே எண்ணியிருக்கிறார்கள். இரு மாற்றச் சாலினாய்டுகளும் அணைந்தால் மூன்றாம் கியர் விழும்; வண்டி மெதுவாகவாவது வீடு வந்து சேரும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் மின்சாரம் இழந்தால் முழு எண்ணெய் அழுத்தத்தைத் தரும். அழுத்தும் விசை கூடினால் உராய்வு விசையும் கூடும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். தட்டுகள் நழுவிக் கருகாமல் காக்கும் ஏற்பாடு இது. 'டமார்' என்ற அதிர்ச்சி நோயன்று. நோயிலிருந்து காப்பதன் ஒலி.

ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தால் உருகியிருக்கிறது. அத்துடன் முடிந்ததா? இல்லை. ஃபியூஸ் ஏன் உருகியது? சாலினாய்டின் மின்தடை ஏறத்தாழ 20 ஓம். 12 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் 0.6 ஆம்பியர்தான் ஓடவேண்டும். ஃபியூஸ் உருகவேண்டுமானால் எங்கோ மின்தடை சுழியை நெருங்கியிருக்கவேண்டும். வண்டியின் அடியில் தேடினால், கம்பிக்கட்டு சூடான புகைக்குழாயில் பட்டு, உறை உருகி, வெறுங்கம்பி இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கம்பியைச் சீர்செய்து, குழாயை விட்டு விலக்கிக் கட்டி, அதே ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் வேலை முடிந்தது. பெரிய ஃபியூஸைப் போடுவது தவறு; அடுத்த முறை ஃபியூஸுக்குப் பதிலாகக் கம்பியே எரியும்.

எல்லா முறையும் இவ்வளவு மலிவாக முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணெய் கருகி, முள் ஏறி இறங்கி, 'நழுவுகிறது' என்னும் பி1870 மட்டும் தனியே வந்திருந்தால் பெட்டியின் உள்ளேதான் கோளாறு. செலவைத் தவிர்க்க முடியாது. இரண்டு நோய்களுக்கும் எரிவது ஒரே விளக்கு. எது என்று பிரித்துக்காட்டுபவை எண்ணெயின் நிறமும், ஒரு பெருக்கல் கணக்கும், ஓம் விதியுமே.

அடுத்த முறை நீங்கள் பேருந்திலோ காரிலோ போகும்போது ஓட்டுநருக்கு முன்னுள்ள வேகமானியையும் சுற்றுமானியையும் கவனியுங்கள். கியர் மாறும்போது இரண்டு முள்களும் எப்படி நகர்கின்றன? அந்த இரண்டு எண்களைக் கொண்டு வண்டி எந்தக் கியரில் ஓடுகிறது என்று உங்களால் சொல்ல முடிகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள்.