தாளுக்குள் இறங்கிய ரேகை

கண்ணாடி டம்ளரைத் தொட்டால் ரேகை மேலேயே நிற்கும். பொடி தூவித் தூரிகையால் வருடினால் தெரிந்துவிடும். காகிதம் விரலின் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். பதிந்து சில நாளாகிவிட்டால் பொடியால் தாள் அழுக்காவதுதான் மிச்சம். மிரட்டல் கடிதம், காசோலை, அட்டைப்பெட்டி என எது வந்தாலும் தடயவியல் ஆய்வகம் ரசாயனத்தை நாடுவது அதனால்தான்.

வியர்வையில் பெரும்பகுதி தண்ணீர். அது ஆவியானபின் உப்பும் துளி அமினோ அமிலங்களும் மிஞ்சும். முகத்தையோ தலைமுடியையோ தொட்ட விரலானால் எண்ணெய்ப் பசையும் இருக்கும். ஈரக்காற்று பட்டால் உப்பு பரவி வரிகளைக் கலைத்துவிடும். அமினோ அமிலமோ காகிதத்தின் செல்லுலோஸ் நாரைப் பற்றிக்கொண்டு நகராமல் கிடக்கும். தாள் நனையாமல் இருந்தால் பல ஆண்டுகள் கழித்தும் ரேகையை மீட்கலாம்.

இந்த அமிலத்தைக் காட்டிக்கொடுப்பது நின்ஹைட்ரின். கேம்பிரிட்ஜில் பணியாற்றிய ஜெர்மானிய வேதியியலாளர் சீக்ஃப்ரீட் ரூஹேமன், வேறொரு சேர்மத்தைத் தயாரிக்கப் போய் 1910-இல் தற்செயலாக இதைக் கண்டடைந்தார். அமினோ அமிலத்துடன் சேர்ந்தால் அது தரும் நிறத்துக்கு 'ரூஹேமன் ஊதா' என்றே பெயர். கையில் பட்டால் தோலும் ஊதாவாகும். அப்படியிருந்தும், ரேகை எடுக்க இதைப் பயன்படுத்தலாம் என்று ஸ்வீடனின் ஓடேனும் வான் ஹோஃப்ஸ்டனும் எழுத 1954 வரை ஆயிற்று!

செய்முறை எளிது. தாளை இடுக்கியால் பிடித்துக் கரைசலில் முக்கி எடுத்து, உலரவிட்டு, சுமார் 80 டிகிரி வெப்பமும் 65 சதவீத ஈரப்பதமும் உள்ள அடுப்பில் சில நிமிடம் வைப்பார்கள். வெள்ளைத் தாளில் ஊதாப் புள்ளிகள் முளைத்து, புள்ளிகள் கோடுகளாகி, சுழி தெளியும். சிக்கல் கரைப்பானில் இருக்கிறது. ஆல்கஹால் கலந்தால் பேனா மை ஓடிவிடும். கையெழுத்தே வழக்கின் உயிராக இருக்கும்போது இது பெரிய இழப்பு. மையைக் கலைக்காத சிஎஃப்சி கரைப்பானை ஓசோன் படலத்தைக் காக்கும் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கை ஒழித்துக்கட்டியது. மாற்றாக ஹைட்ரோஃபுளோரோ ஈதர்கள் வந்தன, விலைதான் கசக்கும்.

பிற்பாடு டிஎஃப்ஓ, இண்டேன்டையோன் என்ற இரண்டு சேர்மங்கள் வந்தன. இவையும் அமினோ அமிலத்தைத்தான் தேடும். ஆனால் பச்சை ஒளியில் ரேகை ஒளிர, ஆரஞ்சுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார்கள். ஊதா நிறம் எழாத மங்கலான ரேகைகளும் இதில் சிக்கும்.

என் பார்வையில் எந்த மருந்து என்பதைவிட எது முதலில் என்பதே பெரிய கேள்வி. முந்தைய பக்கத்தில் எழுதியபோது அடித்தாளில் விழுந்த அழுத்தத் தடத்தைப் பார்க்க வேண்டுமானால், தாள் திரவத்தில் படும் முன்பே பார்த்துவிட வேண்டும். அடுத்து டிஎஃப்ஓ அல்லது இண்டேன்டையோன், பிறகு நின்ஹைட்ரின். வரிசையை மாற்றினால் ஒளிரும் ரேகை கைநழுவும்.

மழையில் நனைந்த கடிதத்தில் அமினோ அமிலம் கரைந்தோடியிருக்கும். எண்ணெய்ப் பசை மட்டும் மிஞ்சும். அதற்கு வெள்ளியைப் படியவைக்கும் 'பிசிக்கல் டெவலப்பர்' கரைசல் உண்டு. பெரும்பாலான தாள்களில் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பதால், முதலில் அமிலத்தில் அலசாவிட்டால் தாள் முழுக்கக் கறுத்துவிடும். படிந்த வெள்ளியை அகற்றுவது பெரும்பாடு. எனவே வரிசையில் இதற்குக் கடைசி இடம்தான்.

கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் தனி ரகம். அந்தத் தாளில் வெப்பம் பட்டால் கறுக்கும் பூச்சு உண்டு. ஆல்கஹால் கலந்த கரைசல் பட்டாலும் கறுத்துவிடும். அடுப்பில் வைக்காமல், பூச்சைத் தொடாத கரைப்பானில் வேலையை முடிக்க வேண்டும்.

இத்தனை செய்தும் ரேகை ஒன்றை மட்டும் சொல்லாது: எப்போது பதிந்தது என்பதை. காசோலையில் வங்கி எழுத்தரின் விரலும் இருக்கும், மோசடிக்காரனின் விரலும் இருக்கும். யார் எந்தத் தேதியில் தொட்டார்கள் என்பதை விசாரணை அதிகாரி வேறு சாட்சியங்களைக் கொண்டே நிறுவியாக வேண்டும்.